எந்த ரீமர்? பல் எங்கே வெட்டுகிறது, சீவல் எங்கே போகிறது

மேசையில் இரண்டு 10 மி.மீ. ரீமர்கள், அதாவது டிரில் போட்ட துளையைச் சரியான அளவுக்குக் கொண்டுவரும் கருவிகள், கிடக்கின்றன. இரண்டின் மொத்த நீளமும் 133 மி.மீ. ஒன்றில் பல் ஓடும் நீளம் 66 மி.மீ., இன்னொன்றில் 38. ஒன்றின் வால் 8 மி.மீ. சதுரமாக முடிகிறது, மற்றதற்கு வெறும் உருளையான ஷாங்க் (மெஷின் பிடிக்கும் தண்டுப் பகுதி). முதலாவது டிஐஎன் 206 என்ற ஜெர்மன் தரத்தின்படி செய்த ஹேண்ட் ரீமர், இரண்டாவது டிஐஎன் 212 மெஷின் ரீமர். இரண்டுமே 10 எச்7 துளைக்கானவை (எச்7 என்பது துளையின் அளவு எவ்வளவு மாறலாம் என்பதைச் சொல்லும் குறி). அப்புறம் எதை எடுத்தால் என்ன என்று நானும் ஒரு காலத்தில் நினைத்தவன்தான். மறுபக்கம் திறக்காத ஒரு பிளைண்ட் ஹோலில் பாதியோடு நின்றுபோன டவல் பின்தான் (பாகங்களை இடம் மாறாமல் பிடிக்கும் உருளைக் குச்சி) அந்த நினைப்பைத் தீர்த்து வைத்தது. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

ரீமர் வாங்கும்போது பெரும்பாலும் விட்டத்தையும் விலையையும்தான் பார்க்கிறோம். நான் பார்க்கச் சொல்வது வேறு இரண்டை: பல் எந்த இடத்தில் வெட்டுகிறது, வெட்டிய சீவல் எந்தப் பக்கம் போகிறது. இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் கடையில் இருக்கும் பத்து வகையில் எட்டு தானாகவே கழிந்துவிடும்.

முனையிலிருந்து வால் வரை

மெஷின் ரீமரைக் கையில் எடுத்து முனையை லென்ஸ் வழியாகப் பாருங்கள். ஒவ்வொரு பல்லின் நுனியிலும் 45 டிகிரியில் சரிவாகத் தேய்த்த ஒரு சிறு பகுதி இருக்கும். அதுதான் சேம்ஃபர். அங்கே மட்டும்தான் ரீமர் உண்மையில் வெட்டுகிறது. பின்னால் நீளமாக ஓடும் பல் வெட்டுவதில்லை. அதன் மேல்விளிம்பில் பளபளவென்று ஒரு மெல்லிய பட்டை தெரியும், மார்ஜின் என்பார்கள். வட்டத்தின் வளைவிலேயே தேய்த்த பட்டை அது. துளையின் சுவரில் உரசிக்கொண்டு ரீமரை நேராக நடத்துவதும், சுவரைக் கொஞ்சம் மெருகேற்றுவதும் அதன் வேலை. மார்ஜினுக்குப் பின்னால் பல் கீழிறங்கிவிடுகிறது; இல்லாவிட்டால் பல்லின் முழு அகலமும் சுவரில் தேய்ந்து சூடாகிப் பிடித்துக்கொள்ளும்.

கண்ணுக்குத் தெரியாத இன்னொன்று, பின்சரிவு. முனையிலிருந்து ஷாங்க் பக்கம் போகப்போக விட்டம் மிக மெல்லக் குறையும், நூறு மில்லிமீட்டர் நீளத்துக்கு ஒரு மில்லிமீட்டரின் நூறில் ஓரிரு பங்கு என்ற அளவில். மைக்ரோமீட்டரைப் பல்லின் பின்கோடியில் வைத்து அளந்துவிட்டு ரீமர் தேய்ந்துவிட்டது என்று ஒதுக்கி வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அளக்க வேண்டிய இடம் சேம்ஃபர் முடிந்த உடனே வரும் பகுதி.

அளப்பது என்றதும் நினைவுக்கு வருகிறது. ரீமரின் பற்கள் பெரும்பாலும் இரட்டைப்படையில் இருப்பது எதிரெதிர் பற்களை மைக்ரோமீட்டரில் பிடிப்பதற்காகத்தான். ஆனால் பற்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளி சமமாக இருக்காது. ஆறு பல் என்றால் 60 டிகிரிக்கு ஒன்று என வைக்காமல் 58, 60, 62, மறுபடி 58, 60, 62 என்பதுபோல மாற்றி வைப்பார்கள். அரைச்சுற்று கூட்டினால் 180 வந்துவிடும், அதனால் எதிர்ப்பல் எதிரிலேயே இருக்கும், அளக்கவும் முடியும். எல்லாம் சம இடைவெளியாக இருந்தால் ஒரு பல் ஏற்படுத்திய பள்ளத்தில் அடுத்த பல் சரியாக விழும், அதற்கடுத்ததும் அங்கேயே விழும். துளை வட்டமாக வராமல் பூவிதழ் போல அலையலையாக வரும். இடைவெளியைக் கலைத்துவிட்டால் அந்தத் தாளம் கூடுவதில்லை.

கையா, மெஷினா

ஹேண்ட் ரீமரில் வெட்டும் இடமே வேறு. பல் நீளத்தில் ஏறத்தாழ முதல் கால் பங்கு மெல்லிய கூம்பாகத் தேய்க்கப்பட்டிருக்கும். நம் 10 மி.மீ. ரீமரில் அது சுமார் 16 மி.மீ. வரும். மெஷினுக்கு ஸ்பிண்டில் இருக்கிறது, அது ரீமரை நேராகப் பிடித்துக்கொள்ளும். கைக்கு அந்த வசதி இல்லை. அதனால் ரீமரே துளைக்குள் கொஞ்ச தூரம் நுழைந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக வெட்ட வேண்டும். அதற்குத்தான் இந்தக் கூம்பும், இவ்வளவு நீளமான பல்லும்.

சரி, இப்போது அந்த டவல் பின் கதை. 25 மி.மீ. ஆழமுள்ள பிளைண்ட் ஹோல். பழுதான வேலையைப் பிரித்து மறுபடி கோக்கும் அவசரத்தில், பெட்டியில் முதலில் கண்ணில் பட்ட ஹேண்ட் ரீமரை எடுத்து அடிவரை ஓட்டினேன். கை நன்றாகவே சொன்னது: ஒரே சீராக வெட்டியது, அடியில் தட்டி நின்றது. பின்னை வைத்துச் சுத்தியலால் மெல்லத் தட்டினால், பாதிக்கு முன்பே கல்லாக நின்றுவிட்டது. காரணம் எளிது. ரீமரின் முனை அடியைத் தொட்டபோது, கடைசி 16 மி.மீ. துளைக்குள் இருந்தது வெறும் கூம்பு. முழு விட்டம் மேலே 9 மி.மீ. ஆழத்துக்குத்தான் கிடைத்தது. நின்றுபோன பின்னை வெளியே எடுத்த கதை தனிக்கதை. எடுத்த பிறகு அதே அளவு மெஷின் ரீமரை ஓட்டினேன். அதன் சேம்ஃபர் விட்டுவைப்பது அடியில் ஒரு மில்லிமீட்டர் அளவுதான். பின் இறங்கியது.

ஆக, பிளைண்ட் ஹோலுக்கு ஹேண்ட் ரீமர் என்பது பேச்சுக்கே இல்லை. துளையை இன்னும் ஆழமாகத் துளைத்து ரீமரின் கூம்புக்கு இடம் விட முடிந்தால் மட்டும் யோசிக்கலாம்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். மெஷின் ரீமரைக் கையால் திருப்பினால் நேராக ஆரம்பிப்பது மிகக் கடினம். பிடிமானம் இல்லாமல் ஆடும், துளையின் வாய் மணிபோல அகலும். ஹேண்ட் ரீமரை மெஷினில் மாட்டிச் சுவிட்சைப் போடுவதும் அவ்வளவே தப்பு. அந்த நீளக் கூம்பு முழுக்க ஒரே நேரத்தில் உரசும், சூடேறும், அதிரும். ஆனால் மெஷினை நிறுத்திய நிலையிலேயே வழிகாட்டியாக மட்டும் பயன்படுத்தலாம். டிரில்லிங் மெஷினில் துளைத்த வேலையை நகர்த்தாமல், ஸ்பிண்டிலில் ஒரு கூரிய சென்டரை மாட்டி, அதை ஹேண்ட் ரீமரின் வால் நடுவில் இருக்கும் சிறு குழியில் அழுத்திக்கொண்டு, ரெஞ்சால் கையாலேயே திருப்புவது. எனக்குத் தெரிந்து கை ரீமிங்கில் நேராக வருவதற்கு இதைவிட நல்ல வழி இல்லை.

எதுவாக இருந்தாலும் ரீமரைப் பின்னோக்கித் திருப்பக் கூடாது. வெளியே எடுக்கும்போதும் வெட்டும் திசையிலேயே திருப்பிக்கொண்டு எடுக்க வேண்டும். எதிர்த்திசையில் திருப்பினால் பல்லுக்கும் சுவருக்கும் நடுவே சீவல் சிக்கி முனையைப் பெயர்க்கும். துளையில் மரை வெட்டும் டேப் போட்டுப் பழகிய கைக்கு, கால் சுற்று பின்னால் திருப்பும் பழக்கம் தானாக வரும். இங்கே அது கூடாது.

நேர்ப் பல்லா, முறுக்குப் பல்லா

தேர்வு உண்மையில் தடுமாறும் இடம் இதுதான். ரீமரைச் செங்குத்தாகப் பிடித்துப் பாருங்கள். பற்களுக்கு நடுவே ஓடும் பள்ளமான ஃப்ளூட் நேராக மேலே போனால் நேர்ப் பல். இடப்பக்கம் சாய்ந்து ஏறினால் இடமுறுக்கு, வலப்பக்கம் ஏறினால் வலமுறுக்கு. சாதாரண டிரில் பிட் வலமுறுக்கு. அதைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் குழப்பம் வராது. மூன்றுமே கடிகாரத் திசையில்தான் வெட்டும். முறுக்கின் திசை வேறு, வெட்டும் திசை வேறு.

வலமுறுக்கு, டிரில்லைப் போலவே சீவலை மேலே இழுத்து வெளியே தள்ளும். பிளைண்ட் ஹோலுக்கு நல்லதுதான். ஆனால் டிரில்லைப் போலவே தன்னையும் உள்ளே இழுத்துக்கொள்ளப் பார்க்கும். ரீமர் எடுப்பதோ மிக மெல்லிய சீவல், எதிர்த்து நிற்க ஒன்றும் இல்லை. மெஷினின் ஃபீடில் (ரீமரை முன்னே நகர்த்தும் இயக்கத்தில்) கொஞ்சம் தளர்வு இருந்தால் போதும், சட்டென்று உள்ளே பாயும், துளை பெரிதாகும். டேப்பர் ஷாங்க் (கூம்பு வால்) ரீமராக இருந்தால் அந்த இழுவை ஷாங்கை சாக்கெட்டிலிருந்து உருவவும் பார்க்கும்.

இடமுறுக்கு இதற்கு நேர் எதிர். சீவலை முன்னால் தள்ளும், த்ரூ ஹோலின் மறுபக்கம் வழியாகக் கீழே கொட்டும். வெட்டிய சுவர்மேல் சீவல் மறுபடி ஏறுவதில்லை, அதனால் கீறல் விழாது. உள்ளே பாயாது, ஷாங்கை சாக்கெட்டுக்குள் இன்னும் இறுக்கும். வழக்கமான மெஷின் ரீமர்களில் இந்த முறுக்கு மிகச் சிறியது, சுமார் 7-8 டிகிரி. ஆனால் அந்தச் சிறு சாய்வே, துளையின் சுவரில் கீவே (சாவி உட்காரும் நீளப் பள்ளம்), எண்ணெய்த் துளை மாதிரி ஏதாவது வந்தால் உயிரைக் காப்பாற்றும். நேர்ப் பல் கீவேயின் விளிம்பில் மொத்த நீளமும் ஒரே நேரத்தில் விழுந்து இடிக்கும், ஒவ்வொரு சுற்றிலும் இடிக்கும். சாய்ந்த பல் ஒரு முனையில் பள்ளத்தைக் கடக்கும்போது மற்ற முனை திடமான சுவரில் நிற்கிறது.

இடமுறுக்கை பிளைண்ட் ஹோலில் ஓட்டினால் சீவல் அடியில் போய்க் குவியும். அடியில் தாராளமாக இடம் விட்டுத் துளைத்திருந்தால் பரவாயில்லை. இல்லாவிட்டால் ரீமர் தன் சீவலின் மேலேயே முட்டும்.

நேர்ப் பல் இந்த இரண்டுக்கும் நடுவில். சீவலை எங்கேயும் தள்ளாது, ஃப்ளூட்டிலேயே வைத்துக்கொள்ளும். பொடிப்பொடியாக உதிரும் வார்ப்பிரும்பு, பித்தளை போன்றவற்றில் இதுவே போதும். தேய்ப்பதும் அளப்பதும் சுலபம், பிளைண்ட் ஹோலிலும் ஓடும். நீளமாகச் சுருளும் எஃகிலும் அலுமினியத்திலும் ஃப்ளூட் நிறைந்துவிடும், அங்கேதான் சிக்கல். 45 டிகிரி அளவுக்குக் கடுமையாக இடப்பக்கம் முறுக்கிய ஒரு வகையும் உண்டு. மென்மையான, நீளச் சீவல் விடும் உலோகங்களில், கொஞ்சம் அதிகமாகவே எடுக்க வேண்டிய த்ரூ ஹோல்களுக்கு அது அருமையாக ஓடும். வேறு எங்கும் அதை எடுக்க மாட்டேன்.

என் முடிவு: பெரும்பாலும் த்ரூ ஹோல் போடுகிறவர், ஓர் அளவுக்கு ஒரே ரீமர்தான் வாங்க முடியும் என்றால் இடமுறுக்கு வாங்கட்டும். பிளைண்ட் ஹோல் அடிக்கடி வரும் என்றால் நேர்ப் பல். வலமுறுக்கை, ஃபீடில் தளர்வே இல்லாத மெஷின் வைத்திருப்பவர்கள் தேவைப்பட்டால் யோசிக்கலாம், மற்றவர்களுக்கு வேண்டாம்.

அளவு கூட்டிக் குறைக்கும் ரீமர் வாங்கலாமா

ஒரே ரீமரில் எல்லா அளவும் என்ற ஆசை யாருக்குத்தான் இல்லை. இதில் இரண்டு ஜாதி இருக்கிறது, இரண்டையும் ஒன்றாக நினைத்துவிடக் கூடாது.

எக்ஸ்பான்ஷன் ரீமரில் உடம்பு பிளந்திருக்கும். நுனியில் உள்ள திருகை முடுக்கினால் உள்ளே ஒரு கூம்பு நகர்ந்து உடம்பைச் சற்றே விரிக்கும். விரிவது மிகக் குறைவு, விட்டத்தில் ஏறத்தாழ ஒரு சதவீதத்தை ஒட்டித்தான். பேராசைப்பட்டு முடுக்கினால் பிளவின் கோடியில் விரிசல் விடும். தேய்ந்த பின் அளவை மீட்கவும், பொருத்தத்தில் நூறில் ஒரு பங்கு மட்டும் கூட்டவும் வந்த கருவி அது.

அட்ஜஸ்டபிள் ரீமரில் தனித்தனிப் பிளேடுகள், சரிந்து ஏறும் பள்ளங்களில் உட்கார்ந்திருக்கும். இரு பக்கமும் ஒவ்வொரு நட். ஒன்றைத் தளர்த்தி மற்றதை முடுக்கினால் பிளேடுகள் சரிவில் ஏறி விட்டம் பெரிதாகும். இதில் ஒரு மில்லிமீட்டரும் அதற்கு மேலும் நகரும். தேய்ந்த புஷ்ஷை அதில் ஓடப்போகும் தண்டுக்கு ஏற்பத் தேய்த்துச் சேர்க்கும் பழுது வேலைக்கு இதற்கு மாற்றே இல்லை. அளவை முன்கூட்டிச் சொல்ல முடியாது, தண்டை வைத்துப் பார்த்துப் பார்த்துத்தான் போக வேண்டும். ஒரு தடவைக்கு மிகக் கொஞ்சமாக எடுக்க வேண்டும். ஆசைப்பட்டால் அதிரும், அலை விழும். எண்ணெயும் பொறுமையும் இருந்தால் நன்றாகவே வரும்.

ஆனால் புதிய உதிரிபாகம், பத்துத் துளையும் ஒரே அளவில் வர வேண்டும் என்றால் திடமான ரீமர்தான். அதிலும் ‘10’ என்று மட்டும் எழுதியதை வாங்காமல் ‘10 எச்7’ என்று வாங்குங்கள். 10 எச்7 துளை 10.000-க்கும் 10.015-க்கும் நடுவே இருக்கலாம். ரீமர் தன் விட்டத்தைவிடக் கொஞ்சம் பெரிதாகவே வெட்டும் என்பதால், டிஐஎன் 1420 கணக்கில் மேலே 15 சதவீதம் இடம் விட்டு, ரீமரை 10.006 முதல் 10.012 வரைக்குள் செய்வார்கள். புதிதாக வந்தவர் மைக்ரோமீட்டரில் 10.01 என்று பார்த்துவிட்டு ரீமர் பெருத்திருக்கிறது என்பார். அது இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கிறது. இதற்கும் நடுவில் வேறு பொருத்தம் தேவைப்பட்டால், 9.98, 9.99, 10.02 என நூறில் ஒரு பங்கு ஏற்றத்தில் திடமான ரீமர்களே கிடைக்கின்றன. விரிக்கும் ரீமரோடு போராடுவதைவிட அது நிம்மதி.

எச்எஸ்எஸ், கார்பைடு

இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கையால் திருப்புவது என்றால் எச்எஸ்எஸ் (ஹை ஸ்பீட் ஸ்டீல்), வேறு யோசனை வேண்டாம். கார்பைடு உடையும், கையின் ஆட்டத்தை அது மன்னிக்காது. பழைய டிரில்லிங் மெஷின், ஸ்பிண்டிலில் ஆட்டம், சில பத்துத் துளைகள் என்றாலும் எச்எஸ்எஸ்தான். ரன்-அவுட் (சுழலும்போது வரும் ஆட்டம்) இல்லாத சிஎன்சி, தொடர்ச்சியான உற்பத்தி, வார்ப்பிரும்பு போல பல்லைத் தின்னும் உலோகம் என்றால் கார்பைடு தன் விலையை மீட்டுவிடும். முனையில் மட்டும் கார்பைடு ஒட்டிய வகையும் உண்டு. வெட்டுவது முனைதான் என்று முதலிலேயே பார்த்தோமே, அதனால் அது ஏமாற்று வேலை அல்ல.

தேய்த்துக் கூர்மை ஏற்றுவதும் இதே கணக்கு. மெஷின் ரீமரில் சேம்ஃபரை மட்டும்தான் தேய்க்க வேண்டும். மார்ஜினைத் தொட்டால் அளவு போயிற்று. ஆனால் எல்லாப் பல்லின் சேம்ஃபரும் ஒரே உயரத்தில் வர வேண்டும். ஒன்று மட்டும் முன்னால் நீட்டிக்கொண்டிருந்தால் வேலை முழுவதையும் அதுவே செய்யும், ரீமர் பக்கவாட்டில் தள்ளப்படும், துளை பெருக்கும். கையால் கல்லில் வைத்துத் தேய்த்த ரீமர் பெரும்பாலும் இப்படித்தான் ஆகும்.

எவ்வளவு விட்டுவைப்பது, எப்படி ஓட்டுவது

சரியான ரீமரை வாங்கிவிட்டு இங்கே கெடுப்பவர்கள்தான் அதிகம். 10 மி.மீ. மெஷின் ரீமருக்கு 9.8 மி.மீ. டிரில் போட்டு, விட்டத்தில் 0.2 மி.மீ. விட்டுவைப்பது நல்ல அளவு. கையால் என்றால் 0.1 போதும். நிறைய விட்டால் கெடும் என்பது எல்லாருக்கும் தெரியும். மிகக் குறைவாக விட்டாலும் கெடும் என்பது பலருக்குத் தெரியாது. 0.03 மட்டும் விட்டால் பல் வெட்டாது, தேய்க்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் அப்படித் தேய்த்தால் சுவர் இறுகிக் கடினமாகிவிடும், அடுத்த பல்லுக்கு இன்னும் கஷ்டம்.

வேகம் டிரில்லைவிடப் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு, ஃபீடு இரண்டு மூன்று மடங்கு. மைல்டு ஸ்டீலில் 10 மி.மீ. எச்எஸ்எஸ் ரீமருக்கு நிமிடத்துக்கு 10-12 மீட்டர், அதாவது 320-380 சுற்று; ஒரு சுற்றுக்கு 0.2-0.3 மி.மீ. ஃபீடு. நல்ல பினிஷ் வேண்டும் என்று மெல்ல மெல்ல இறக்குவது மனித இயல்பு. ரீமர் அதை விரும்பாது. வார்ப்பிரும்பை எண்ணெய் இல்லாமலே ஓட்டலாம், அலுமினியத்துக்கு மண்ணெண்ணெய் போன்ற மெல்லிய எண்ணெய், எஃகுக்குத் தாராளமாகக் கட்டிங் ஆயில்.

இன்னொன்றும் வாங்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்: வேண்டியது ரீமர்தானா? ரீமர் ஏற்கெனவே இருக்கும் துளையின் பின்னால்தான் போகும். டிரில் கோணலாகப் போயிருந்தால் ரீமர் அந்தக் கோணலையே அழகாக மெருகேற்றிக் கொடுக்கும். துளையின் இடம் நூறில் ஒரு பங்கு சுத்தமாக வேண்டும் என்றால் ஒற்றை முனையால் துளையைக் குடையும் போரிங் பாரால் இடத்தைச் சரிசெய்துவிட்டு, கடைசி அளவுக்கு மட்டும் ரீமர் போட வேண்டும். லேத்தில் டெயில்ஸ்டாக் ஸ்பிண்டிலின் நேர்கோட்டில் இல்லாவிட்டாலும் இதே கதை. ரீமர் பக்கவாட்டில் அழுத்தப்பட்டு வாய் அகலும். அங்கே ரீமரைக் கொஞ்சம் நகரவிடும் ஃப்ளோட்டிங் ஹோல்டர் போட்டால், அது துளையைத் தானே தேடிப் போகும்.

டேப்பர் ரீமர்களுக்குத் தேர்வு என்று பெரிதாக ஒன்றுமில்லை. எந்த டேப்பரோ அந்த ரீமர். மெட்ரிக் டேப்பர் பின் 1:50, பழைய அங்குல டேப்பர் பின் 1:48. பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். கலந்துவிட்டால் பின் ஒரு ஓரத்தில் மட்டும் பிடித்து, நாள்பட ஆடிக் கழன்றுவிடும். இங்கே பல் முழு நீளமும் வெட்டுகிறது என்பதை மறக்கக் கூடாது. அதனால் ஒரே அளவில் துளைக்காமல், படிப்படியாகச் சிறுக்கும் இரண்டு மூன்று டிரில்களால் துளைத்துவிட்டு ரீமரை இறக்கினால் பல்லுக்குப் பாரம் குறையும்.

மேசைக்கு வருவோம். அடுத்த வேலை ஒரு வார்ப்பிரும்புப் புல்லி: நடுத்துளை த்ரூ, 20 எச்7, உள்ளே கீவே ஏற்கெனவே வெட்டியாகிவிட்டது. கூடவே ஒரு எஃகுத் தட்டில் 10 மி.மீ. டவலுக்கான இரண்டு பிளைண்ட் ஹோல். புல்லிக்கு, வார்ப்பிரும்பு என்றாலும் கீவே இருப்பதால் நேர்ப் பல்லை ஒதுக்கிவிட்டு இடமுறுக்கு மெஷின் ரீமர். தட்டுக்கு, நேர்ப் பல் மெஷின் ரீமர். அடியில் சீவலுக்காக டவலின் நீளத்தைவிட 5 மி.மீ. ஆழமாகத் துளை. 66 மி.மீ. பல் வைத்த அந்த ஹேண்ட் ரீமர் இன்று பெட்டியிலேயே இருக்கும்.